குமரிக்காரனுக்கு எப்பவும் லீவா?

"மக்கா, நாளைக்கு உங்க ஊருக்கு மறுபடியும் லீவாமே?" திருநெல்வேலியில் இருக்கும் என் அத்தை மகன் வருடத்துக்கு நாலைந்து தடவையாவது இதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவான். கேள்வியில் பாதி கிண்டல், பாதி பொறாமை. வெளியூர்க்காரர்களுக்குக் கன்னியாகுமரி என்றால் சூரிய உதயம், வள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், அவ்வளவுதான். மாவட்டத்துக்குள் இருப்பவர்களைக் கேட்டால், காட்டுத்தீ மாதிரி பரவும் செய்தி ஒன்றே ஒன்று: கலெக்டர் உள்ளூர் விடுமுறை விட்டிருக்கிறாரா, இல்லையா.

அந்த அறிவிப்பை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. முதல் வரியைப் பார்த்ததும் ஃபார்வேர்டு செய்துவிடுவோம். படித்தால் அதில் மூன்று சங்கதி இருக்கும். ஒன்று, இந்த விடுமுறைக்கு ஈடாக இன்ன சனிக்கிழமை வேலைநாள். அதாவது இது தானம் இல்லை, கைமாற்று. இரண்டாவது, 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் இது வராது, அதனால் வங்கி திறந்திருக்கும். மூன்றாவது, கருவூலங்கள் குறைந்தபட்சப் பணியாளர்களோடு இயங்கும். மாசி, பங்குனியில் வந்தால் நாலாவதாக ஒன்றும் சேரும்: அரசுப் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க பிளஸ் டூ படிக்கும் பிள்ளை மட்டும் யூனிபார்ம் மாட்டிக்கொண்டு கிளம்பும் காட்சி இங்கே சகஜம்.

சரி, இத்தனை விடுமுறை எப்படி வந்தது?

முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1956 நவம்பர் 1 வரைக்கும் இது தமிழ்நாடே கிடையாது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையும் சேர்ந்தது, ஆனால் அது நெல்லைக்குப் போய்விட்டது. தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டோடு சேர்வதற்காக மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். நவம்பர் 1 இணைப்பு நாளுக்கு விடுமுறை உண்டு. வேடிக்கை என்னவென்றால் ஓணத்துக்கும் விடுமுறை உண்டு. கேரளத்தை விட்டு வந்ததற்கு ஒரு நாள், கேரளத்தின் பெரிய பண்டிகைக்கு ஒரு நாள். இதில் முரண்பாடு இருப்பதாக இங்கே யாரும் நினைப்பதில்லை. எல்லைக்கோட்டைப் போட்டவர்கள் மொழியைப் பார்த்துப் போட்டார்கள், ஆனால் கோயில் கணக்கும் பண்டிகைக் கணக்கும் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒன்றாகத்தானே கிடந்தது? இன்றைக்கும் கோயில் நோட்டீஸில் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டைப் போடாவிட்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஓணத்துக்கு லீவு இல்லாத ஒரே இடம் தோவாளை பூச்சந்தைதான். அத்தப்பூ போடக் கேரளத்துக்குப் போகும் பூவுக்காக அங்கே ராத்திரி முழுக்க வேலை நடக்கும்.

இரண்டாவது காரணம் மாசி மாதம். பட்டியலைக் கையில் வைத்துப் பாருங்கள்: சிவராத்திரி, அய்யா வைகுண்டர் அவதார தினம், மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை (திருவிழா), மூன்றும் மாசியில்தான் வருகின்றன. ஏன் மாசி? பஞ்சாங்கம் ஒரு பதில் சொல்லும். எனக்கு வயல் சொல்லும் பதில்தான் பிடித்திருக்கிறது. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு சாகுபடி. கும்பம் என்றால் மலையாளக் கணக்கில் மாசி. கும்பப்பூ அறுப்பு நடக்கிற காலம் அதுதான். களத்தில் நெல், கையில் காசு, வானத்தில் மழை இல்லை. திருவிழாவுக்கு இதைவிடத் தோதான மாதம் கிடையாது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய வயல்களில் பாதி இப்போது பிளாட்டாகி, வாழையாகி, ரப்பராகி மாறிப்போனது வேறு விஷயம். அறுப்பு போனாலும் மாசித் திருவிழா நிற்கிறது.

சிவராத்திரியில் இங்கே நடப்பது மற்ற ஊர்களைப் போலக் கண்விழிப்பு மட்டும் இல்லை, ஓட்டம். சிவாலய ஓட்டம். முஞ்சிறைப் பக்கத்துத் திருமலையில் ஆரம்பித்து திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, திருப்பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று சுற்றி திருநட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு சிவன் கோயில்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். காவி வேட்டி, கையில் விசிறி, இடுப்பில் திருநீற்றுப் பை. விசிறி தனக்கு வீச இல்லை, போகும் இடமெல்லாம் சாமிக்கு வீசுவதற்கு. இதில் புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் குழப்பமாக இருப்பது கோஷம்தான். ஓடுவது சிவனைப் பார்க்க, வாயில் வருவது "கோவிந்தா, கோபாலா".

அதற்கு ஒரு கதை உண்டு. பாதி மனிதன் பாதி மிருகமான புருஷாமிருகம் கடுமையான சிவபக்தி உள்ளது, விஷ்ணு பெயரைக் கேட்டாலே கடிக்க வரும். தருமரின் யாகத்துக்காக அதன் பாலைக் கொண்டுவரப் பீமனை அனுப்புகிறார் கிருஷ்ணர். கூடவே பன்னிரண்டு ருத்திராட்சம் கொடுத்து, ஆபத்து வந்தால் ஒவ்வொன்றாகக் கீழே போடு என்கிறார். பீமன் சும்மா கேட்டுப் பார்க்காமல் "கோவிந்தா, கோபாலா" என்று கத்திவிட்டான் (பீமன் என்றால் அப்படித்தான்), அது துரத்துகிறது, இவன் ஓடுகிறான், பிடிபடப்போகும் நேரத்தில் ஒரு ருத்திராட்சத்தைப் போட, அது லிங்கமாக, மிருகம் நின்று பூசை செய்ய, இவன் மறுபடி கத்திக்கொண்டு ஓட, இப்படியே பன்னிரண்டு இடம். கடைசி இடத்தில் ஒரு கால் அதன் எல்லையிலும் ஒரு கால் இவன் எல்லையிலும் மாட்டிக்கொள்ள, நியாயம் தருமரிடம் போகிறது. தம்பி என்று பார்க்காமல், பாதி உடம்பு மிருகத்துக்கு என்று தீர்ப்புச் சொல்கிறார் அவர். அப்புறம் சிவனும் விஷ்ணுவும் ஒன்றுதான் என்று கிருஷ்ணர் காட்டிக்கொடுக்க, கதை சுபம். திருநட்டாலத்தில் சங்கரநாராயணர் இருப்பது இதனால்தான் என்பார்கள். ஓட்டக்காரர்கள் இப்போது பைக்கிலும் வேனிலும் கூடப் போகிறார்கள். அவர்களைப் பார்த்து முணுமுணுப்பவர்களும் வழியில் நின்று சுக்குநீரும் மோரும் கொடுக்கத் தவறுவதில்லை. பாதையோரத்து ஊர்களுக்கு அது ஒரு நாள் விருந்தோம்பல். அந்த ரோடுகளில் அன்று பள்ளி வேன் ஓட்டிப் பாருங்கள், விடுமுறை ஏன் என்று புரிந்துவிடும்.

மாசி 20, அய்யா வைகுண்டர் நாள். மார்ச் முதல் வாரத்தில் வரும். 1809-இல் இன்றைய சாமிதோப்பில் பிறந்தவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவனுக்கு அப்படி ஒரு பெயரா என்று மேலே இருந்தவர்கள் எதிர்க்க, முத்துக்குட்டி என்று மாற்றவேண்டி வந்தது. பெயருக்கே அனுமதி கேட்க வேண்டிய காலம். கொல்லம் 1008 மாசியில், அதாவது 1833-இல், திருச்செந்தூர்க் கடலுக்குள் போய் வைகுண்டராக வெளியே வந்தார் என்பது அவரைப் பின்பற்றும் அய்யாவழியினரின் நம்பிக்கை. பின்னால் திருவிதாங்கூர் அரசு அவரைத் திருவனந்தபுரத்துக்கு இழுத்துக்கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் அடைத்தது. சாமிதோப்புப் பதிக்குள் (அய்யாவின் கோயில்) போகும் ஆண்கள் இன்றும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். கும்பிடுவது கண்ணாடியை. தலையில் துணி கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களிடம், கட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்று ஒருவர் சொன்னதை நினைத்துப் பார்த்தால், சடங்கு என்று நாம் தாண்டிப்போவது எவ்வளவு பெரிய சண்டை என்று தெரியும். இதே மண்ணில்தான், பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டமும் நடந்தது. அதன் இருநூறாவது ஆண்டு விழாவுக்கு 2023 மார்ச்சில் இரண்டு மாநில முதல்வர்களும் நாகர்கோவில் வந்து ஒரே மேடையில் நின்றார்கள். அவதார நாளில் நாகர்கோவில் நாகராஜா கோயில் திடலிலிருந்து சாமிதோப்புக்கு ஊர்வலம் போகும்போது நகரத்தில் வேறு எதுவும் நகராது.

மூன்றாவது மண்டைக்காடு. பகவதி அம்மன் அங்கே புற்றாக இருக்கிறாள். பத்து நாள் மாசிக் கொடைக்குக் கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டி வருவார்கள், அதனால் 'பெண்களின் சபரிமலை' என்ற பெயர். கடலில் குளித்துவிட்டுக் கோயிலுக்கு வருவது வழக்கம். தலைவலிக்கு நேர்ந்துகொண்டு மண்டையப்பம் படைப்பார்கள். கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது கிறிஸ்தவ மீனவர்களின் ஊர். 1982 மார்ச்சில் கொடைக் காலத்தில் அங்கே கிளம்பிய மோதல் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்து, மாவட்டம் முழுக்கப் பரவி, நீதிபதி வேணுகோபால் ஆணையம் வரை போனது. அந்த வருடத்தைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டில் 'மண்டைக்காடு' என்றால் அம்மாவுக்கு அப்பம் ஞாபகம் வரும், மாமாவுக்கு ஊரடங்கு ஞாபகம் வரும்.

கடற்கரையின் பெரிய நாள் டிசம்பர் 3. கோட்டாறு சவேரியார் திருவிழா. சவேரியார் 1552-இல் சீனக் கரையை ஒட்டிய ஒரு தீவில் இறந்த நாள் அது. 1544 கடைசியில் இந்தக் கரையோர ஊர்களில் நடந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். நவம்பர் 24 வாக்கில் கொடியேறும், கடைசி மூன்று நாள் தேர்ப்பவனி. கோட்டாறு கடைத்தெரு நகரத்தின் பழைய வியாபார மையம், எல்லா மதத்துக் கடைக்காரர்களும் உள்ள இடம். தேர் வரும்போது யார் எந்த மதம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி தேவசகாயத்தின் கல்லறையும் இந்தக் கோயிலுக்குள்தான். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர், 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய கதையை நாடகமாக ராத்திரி முழுக்க ஆடும் வழக்கம் இங்கே பல தலைமுறையாக உண்டு. வாட்டிகன் ஒப்புக்கொள்வதற்கு ரொம்ப முன்னாலேயே ஊர் அவரை மேடையில் புனிதராக்கி வைத்திருந்தது.

டிசம்பர் 3-ஐச் சொல்லிவிட்டு ஒக்கியைச் சொல்லாமல் போக முடியாது. 2017 நவம்பர் 29 இரவும் 30-ஆம் தேதியும் அந்தப் புயல் வந்தபோது கோட்டாற்றில் திருவிழாக் கொடி பறந்துகொண்டிருந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் ஆட்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். பலர் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு அந்த ஊர்களில் நவம்பர் கடைசி என்பது நினைவு நாளும்தான். இன்னொரு விசித்திரம்: தூத்தூர் வட்டாரத்துக் கடற்கரை ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் மறைமாவட்டத்தின் கீழ் வருகின்றன, கோட்டாறின் கீழ் இல்லை. 1956-இல் போட்ட கோடு சபைக்குப் பொருந்தவில்லை.

கடலுக்கு என்று தனி லீவுக் கணக்கும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் பங்குத் திருவிழாவும் தவிர, விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. அதிலும் எங்களுக்கு இரட்டை வேடம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், ஒரு துறைமுகத்தில் படகு நிற்கும், இன்னொன்றில் ஓடும். மீன் விலை மட்டும் ரெண்டு தடைக்காலத்திலும் ஏறும்.

சுசீந்திரம் கோயிலின் மார்கழித் தேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் தேரைவிட மூன்றாம் திருவிழாவின் மக்கள்மார் சந்திப்புதான் பிரியம். கோட்டாறிலிருந்து பிள்ளையாரும், வேளிமலையிலிருந்தும் மருங்கூரிலிருந்தும் முருகனும் அப்பா அம்மா வீட்டுத் திருவிழாவுக்கு வந்து தங்குகிறார்கள். ஒன்பதாம் நாள் இரவு சப்தவர்ணம் என்ற நிகழ்ச்சியில் விடைபெற்றுப் போகிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கோயில் விழாவுக்கு வந்து போகும் அதே ஏற்பாடு.

வேளிமலை முருகனுக்கு இன்னொரு வெளியூர்ப் பயணமும் உண்டு. நவராத்திரிக்கு பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரம் போகிறார்கள். குழித்துறை, களியக்காவிளை வழியாக நடைப்பயணம். சரஸ்வதியைக் கம்பர் பூசித்த சிலை என்பார்கள். புறப்படும்போது அரண்மனையில் உடைவாள் கைமாற்றம், இரண்டு மாநிலப் போலீஸின் அணிவகுப்பு மரியாதை. சாமி அடுத்த மாநிலத்துக்குப் போய் ஒன்பது நாள் இருந்துவிட்டுத் திரும்பி வரும். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், அதை நிர்வகிப்பது கேரளத் தொல்லியல் துறை. இத்தனைக்கும் புறப்பாட்டு நாளுக்கு விடுமுறை கிடையாது.

இங்கேதான் எனக்கு விஷயம் சுவாரஸ்யமாகிறது. விடுமுறை கிடைப்பது எல்லோரும் ஒரே இடத்தில் கூடும் விழாவுக்கு. கூட்டம், பஸ், போலீஸ் என்று பார்த்துத்தான் கலெக்டர் முடிவெடுக்க முடியும். மாவட்டத்தின் பெரிய கலைப் பருவம் எதுவென்று கேட்டால், அது இந்தப் பட்டியலிலேயே இல்லை. ஊர்க் கோயில் கொடைகள். சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில்களில் செவ்வாயும் வெள்ளியுமாக, பங்குனியில் சூடு பிடித்து வெயில் காலம் முழுக்க, ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் என்று போகும். இருநூறு வீட்டுக்காரர்களுக்கு மட்டும் பெரிய நாள். அதற்கு எந்தக் கலெக்டர் லீவு விடுவார்?

வில்லுப்பாட்டு இன்றும் உயிரோடு இருப்பது இந்தச் சின்னக் கொடைகளில்தான். பனைமரத்து வில், மணிகள், வில்லைத் தட்டும் வீசுகோல், குடம், உடுக்கை, தாளம், கட்டை. அரசு விழா மேடையில் அரை மணி நேரம் எய்ட்ஸ் விழிப்புணர்வோ மழைநீர் சேகரிப்போ பாடும் வில்லுப்பாட்டைப் பார்த்துவிட்டு இதுதான் அது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. கோயிலில் அண்ணாவி (தலைமைப் பாடகர்) பாடுவது அந்தச் சாமியின் கதையை, அந்தச் சாமியின் முன்னால் உட்கார்ந்து. கூட்டம் இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாம்பட்சம். சாமியை அழைக்கும் குடியழைப்பு ராத்திரி, மறுநாள் மத்தியானம், நடுச்சாமம் என்று கதை நீளும். சாமி பிறப்பு, வளர்ப்பு, கொலை அல்லது பழி, அப்புறம் கைலாசம் போய் வரம் வாங்குவது. வரத்துப் பாட்டு வரும்போது வேகம் ஏறும், குடம் அடிப்பவர் அண்ணாவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், சாமியாடும் கோமரத்தாடிக்கு உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். பாட்டு சரியாக வராவிட்டால் சாமி வராது. சாமி வராவிட்டால் கொடை கொடையில்லை. அதனால்தான் எத்தனை மெல்லிசைக் குழு வந்தாலும் வில்லுக்கு ஒதுக்கிய தொகையை வரிக் கமிட்டி வெட்டுவதில்லை. கொட்டாரம் பக்கத்துப் பூங்கனி மாதிரி, பெண்கள் மேடையேறத் தயங்கிய காலத்தில் வில்லின் நடுவில் உட்கார்ந்து வீசுகோல் பிடித்தவர்கள் புகழ் பெற்றதும் இந்த ராத்திரிகளில்தான். அவர் 2018-இல் மறைந்தார்.

இதோடு தோல்பாவைக் கூத்தை வைத்துப் பாருங்கள். வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் குடும்பங்கள் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராகப் போய், திரை கட்டி, விளக்கு வைத்து, ராமாயணம் நடத்தினார்கள். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடிக்கும் கூத்துக்கு ஊரே சிரித்தது. அது முழுக்க முழுக்கப் பார்வையாளரை நம்பிய கலை. சினிமா வந்தது, டிவி வந்தது, பார்வையாளர் போய்விட்டார், கூத்தும் சுருங்கிப்போனது. இதே தோல்பாவை பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் தொடர்ந்து நடக்கிறது, ஆளே இல்லாவிட்டாலும். ராவணன் செத்தபோது தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் பத்ரகாளி அந்தப் போரைப் பார்க்க முடியாமல் போய்விட்டது, அவளுக்காகத்தான் வருடா வருடம் ஆடுகிறோம் என்று அங்கே ஒரு கதை வைத்திருக்கிறார்கள். எங்கள் தோல்பாவைக்கு அப்படிக் காத்திருக்கும் ஒரு சாமி அமையவில்லை. விருதும் சான்றிதழும் கொடுக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விருது வருடத்துக்கு ஒரு தடவை வரும். கொடை வாரத்துக்கு இரண்டு தடவை வரும்.

வில்லுக்கு இப்போது வந்திருக்கும் தலைவலி வேறு மாதிரி. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. வருடத்தில் 15 நாள் வரை, நள்ளிரவு 12 மணி வரை, மாநில அரசு விலக்கு தரலாம். விதியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, குழாய் ஸ்பீக்கரின் நேர்கீழே வீடு உள்ளவன் நான். ஆனால் நடுச்சாமத்தில் மாடன் வேட்டைக்குக் கிளம்பும் கதையை ஒன்பதே முக்காலுக்குள் முடிக்கச் சொன்னால் அண்ணாவி என்ன செய்வார்? சில ஊர்களில் பத்து மணிக்கு மைக்கை அணைத்துவிட்டு வெறும் வாயால் பாடுகிறார்கள். போன வருடம் அப்படி ஒரு ராத்திரி நான் உட்கார்ந்திருந்தேன். மைக் போனதும் பின்னால் நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து வந்து வில்லைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மணிச் சத்தம் அத்தனை துல்லியமாகக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

கொடைக்கு லீவு விடாததால் ஆட்கள் வராமல் இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. வளைகுடாவிலிருந்தும் மும்பையிலிருந்தும் கொடைத் தேதி பார்த்துத்தான் டிக்கெட் போடுகிறார்கள். பெங்களூரில் ஐடி கம்பெனியில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒவ்வொரு சித்திரையிலும் மூன்று நாள் லீவு எடுத்து வந்துவிடுவான், வீட்டுச் சாமிக்குப் பந்தம் பிடிக்கிற முறை அவனுக்கு. மேனேஜருக்குச் சுடலைமாடனை விளக்க முடியாது என்று லீவுக்குக் காரணம் 'தங்கை கல்யாணம்' என்று எழுதுவான். நாலு வருடமாக எழுதுகிறான். அவனுக்குத் தங்கையே கிடையாது.